பவழத்தின் காதுப் பஞ்சு

"தாயி, என் குதிரை நாலு நாளா புல்லைத் தொடல," என்றார் கருத்தையா.

கருத்தையாவுக்கு வயது அறுபத்தைந்து. முப்பது வருடம் அரசரின் குதிரைப்படையில் இருந்தவர். எதிரே உட்கார்ந்திருந்த துறவி மருதாயிக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் மனசு கனத்தால் அவர் ஓடி வருவது இந்தக் குடிசைக்குத்தான்.

"வயசு என்ன ஆகுது?"

"எனக்கா, குதிரைக்கா?"

"யார் சாப்பிடலையோ அவங்களுக்கு."

"ரெண்டு பேருமே சாப்பிடல, தாயி."

மருதாயி எழுந்து நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

கருத்தையாவின் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் பவழம் கட்டப்பட்டிருந்தது. இருபத்துநாலு வயதுப் பெண் குதிரை. விலா எலும்பை எண்ணிவிடலாம். காலடியில் நேற்றுப் போட்ட புல் வாடிக் கிடந்தது.

"காதுல என்ன?"

"பஞ்சு. அஞ்சாறு நாளைக்கு முன்னாடி வயசாச்சுன்னு படையிலிருந்து விலக்கி என்கிட்ட விட்டாங்க. விலக்கின குதிரைக்குக் காதை அடைச்சிடுறது எங்க வழக்கம், தாயி."

"எதுக்கு?"

"ஏரிக்கு அந்தப் பக்கம் தினமும் முரசு அடிச்சு இளங்குதிரைங்களைப் பழக்குறாங்க. அது காதுல விழுந்தா இதுவும் கிளம்பிடும். இந்த வயசுல ஓடினா நெஞ்சு வெடிச்சிடாதா? நான் என்ன அவ்வளவு கல்நெஞ்சனா?"

மருதாயி எட்டி, இரண்டு காதிலிருந்தும் பஞ்சை உருவினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஈ ஒன்று பவழத்தின் மூக்கில் உட்கார்ந்தது. அதை விரட்டக்கூட அது தலையை ஆட்டவில்லை.

ஏரிக்கு அப்பால் முரசு ஒலித்தது.

பவழத்தின் காதுகள் விறைத்தன. கழுத்து நிமிர்ந்தது. முன்னங்காலால் மண்ணைப் பறித்தது. படை புறப்படும்போது வரிசையில் நின்று பறிக்குமே, அதே மாதிரி. கருத்தையா பதறிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்.

"செத்துப்போயிடும், தாயி."

"போனாலும் போகலாம்."

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?"

"நாலு நாளா என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு?"

கருத்தையா முடிச்சில் கை வைத்தார். பவழம் இழுத்த இழுப்பில் முடிச்சு இறுகிக் கிடந்தது. விரலுக்கு அது மசியவில்லை. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தார்.

பவழம் ஓடியது. பழைய வேகம் இல்லை. ஒரு பின்னங்காலை இழுத்து இழுத்துத்தான் போனது. ஆனால் முரசின் தாளத்தை ஓரடிகூடத் தவறவிடவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

கருத்தையா அங்கேயே நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சந்தோஷமா பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

"திரும்பி வருமா, தாயி?"

"வந்தா பசியோட வரும். போய்ப் புதுப் புல் அறுத்துட்டு வாங்க."