சுவரைப் பார்த்துப் படுத்தவர்

"இந்த வேலை எனக்கு வராது அக்கா" என்றான் இசக்கி.

புற்றுநோய் முற்றியவர்கள் வந்து தங்கும் இல்லம் அது. அவர்கள் மனசில் இருப்பதைக் கேட்பது ரெஜினாவின் வேலை. அதைக் கற்றுக்கொள்ள வந்தவன் இசக்கி.

"யாரு, வேலாண்டியா?"

"அவரேதான். சாப்பிட மாட்டேங்காரு. வலி மருந்தையும் துப்பிருதாரு. சுவரைப் பார்த்துப் படுத்தவர் திரும்பவே இல்லை."

"நீ என்ன சொன்னே?"

"தைரியமா இருங்க, சரியாயிரும்னேன்."

"சரியாயிருமா?"

"ஆகாது. ஆனா வயித்துப் புண்ணுன்னுதான் அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கு. உண்மையைச் சொல்லிராதீங்கன்னு அவர் சம்சாரம் சொர்ணம் கையைப் பிடிச்சு அழுதாங்க."

"அவருக்கு என்ன தொழில்?"

"பரோட்டா மாஸ்டர்."

ரெஜினா சமையலறைக்குப் போனார். மைதாவில் தண்ணீரைக் கொட்டி, ஏனோதானோவென்று உருட்டி, தட்டில் வைத்து எடுத்து வந்தார். வேலாண்டியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார். இசக்கியும் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

ரெஜினா தட்டை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தார். அவ்வளவுதான்.

ரொம்ப நேரம் கழித்து ஒரு கை பின்னால் வந்தது. மாவைத் தொட்டது.

"இது மாவா, போஸ்டர் ஒட்டுத பசையா?"

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் அண்ணாச்சி."

வேலாண்டி திரும்பினார். சாய்ந்து உட்கார்ந்தார். விரலெல்லாம் எலும்பு. அழுத்தினார். மடித்தார். மறுபடி அழுத்தினார். மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை.

"நான் பொழைக்க மாட்டேன்" என்றார், மாவைப் பார்த்தபடியே. "எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்கிறது சொர்ணத்துக்குத் தெரியாது. சிரிச்சுக்கிட்டே வாரா பாவி. அவ மூஞ்சியப் பாத்தா அழுதுருவேன். அதான் சுவரப் பாத்துக் கிடக்கேன்."

இசக்கி வாயைத் திறந்தான்.

ரெஜினா மாவை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"பிசை."

பிசைந்தான். கண் கலங்கியது. துடைக்கக் கை இல்லை.

அவன் கண்ணீரோடு பிசைவதை வேலாண்டி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சொர்ணம் வராந்தாவுலதான இருக்கா? உள்ள வரச்சொல்லுங்க" என்றார் ரெஜினாவிடம்.

பிறகு இசக்கியிடம்:

"நீ நிறுத்தாத தம்பி."