புள்ளி போடும் கேபிள்

செத்துப்போனவர்களுக்குக் கண் திறந்துவிடுவது கோதண்டத்தின் தொழில்.

பாளையங்கோட்டைப் பக்கம் சில வீடுகளில், உயிரோடு இருக்கும்போது ஒரு நல்ல போட்டோ எடுத்துக்கொள்ளாமலே பெரியவர்கள் போய்விடுகிறார்கள். போன பிறகு, நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, நாடியைத் துணியால் கட்டிய கோலத்தில் யாரோ செல்போனில் எடுத்த படம்தான் மிஞ்சும். அது கோதண்டத்திடம் வரும். அவர் கம்ப்யூட்டரில் வைத்து நாடிக்கட்டை எடுப்பார், மூக்குப் பஞ்சை எடுப்பார், வெள்ளைச் சட்டை மாட்டுவார். கடைசியாக மூடிய கண்ணைத் திறந்து அதில் ஒரு துளி வெளிச்சமும் வைப்பார். பதினாறாம் நாள் அந்தப் படம் சுவரில் ஏறிவிடும். இருந்த காலத்தில் சிரித்தே அறியாத மனிதர்கள்கூட அவர் கைபட்டுக் கொஞ்சம் சிரித்தார்கள்.

இந்த வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் எஸ்தர் டீச்சர். வயதில் அவரைவிடச் சின்னவர். கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்த கோதண்டம், காது மயிர் நரைத்த பிறகு அவரிடம் போய் உட்கார்ந்து டேப்லெட்டில் பேனா பிடிக்கப் படித்தார். படிப்பு முடிந்தும் சந்தேகங்கள் முடியவில்லை. டீச்சரோ கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்லும் பழக்கம் இல்லாதவர். அதில் கோதண்டத்துக்கு எப்போதும் ஒரு கடுப்பு உண்டு.

ஒரு நாள் காலையில், திரை வைத்த தன் பெரிய டேப்லெட்டைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, ஒரு பை நிறைய கேபிளோடு கோதண்டம் டீச்சர் வீட்டில் வந்து இறங்கினார்.

"டீச்சர், காலை வாராத கேபிள் ஒண்ணு சொல்லுங்க. எனக்கு வெறுத்துப்போச்சு."

"என்ன பண்ணுது?"

"புள்ளி போடுது. அதுவும் மொகத்துல போடுது. நாளைக்கு மறுநாள் பதினாறு. வீட்டுக்காரங்க போன் மேல போன் போடுதாங்க."

பையை மேஜையில் கொட்டினார். எல்லாம் கிணற்றுக் கயிறு தடிமனில், மேலே நூல் பின்னி, முனையில் தங்க முலாம் பூசியவை. கோதண்டம் கேபிள் வாங்குவது அவசரத்தில் மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி. ஆள் வாட்டசாட்டமாக இருந்து, கழுத்தில் கொஞ்சம் தங்கமும் மின்னிவிட்டால் மேற்கொண்டு விசாரிக்க மாட்டார்.

"உறையில பாருங்க டீச்சர். ஃபோர் கே, எய்ட் கே எல்லாம் தாங்கும்னு போட்டிருக்கான்."

"போடத்தான செய்வான்."

டீச்சர் அவருடைய கேபிளாலேயே டேப்லெட்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார். திரை தாங்கும் அளவுக்குத் தெளிவை முழுதாக ஏற்றி, வெறும் கறுப்பை விரித்தார். கறுப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைப் பொட்டுகள் மினுக்கி மறைந்தன.

"பாத்தீங்களா! நான் பொய்யா சொல்லுதேன்?"

டீச்சர் அந்தக் கேபிளைக் கழற்றித் தரையில் போட்டார். தன் மானிட்டருக்குப் பின்னாலிருந்து ஒன்றை உருவி மாட்டினார். கறுப்பாக, மெலிதாக, ஒரு முழ நீளம் இருக்கும். தங்கம் கிங்கம் எதுவும் இல்லை.

"இதுவா? தம்மாத்தூண்டு இருக்கு."

"போற தூரம் கம்மி. அதனால நடுவுல எதையும் விடாது."

"கடையில இத எப்படிக் கண்டுபிடிக்க?"

"கடையில முடியாது. முழுப் பாரத்தையும் ஏத்தி, கொஞ்ச நேரம் விட்டுப் பாக்கணும்."

விட்டுப் பார்த்தார்கள். டீ வந்தது, குடித்தார்கள், டம்ளர் ஆறியது. கறுப்பு கறுப்பாகவே இருந்தது. ஒரு பொட்டு மினுக்கவில்லை. கோதண்டத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இதுலயே ஒண்ணு வாங்கிருதேன். பேரைச் சொல்லுங்க."

"படத்தைத் திறங்க."

கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து திறந்தார். சங்கரபாண்டியன் என்ற பெரியவரின் முகம் திரை முழுக்க விரிந்தது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று கடைசிவரை கேமராவுக்கு முகம் காட்டாத மனிதர். ஆதாருக்காகக் கட்டாயத்தில் எடுத்த ஒரே படமோ, அவரே பார்த்து யார் இது என்று கேட்கும்படி இருந்தது. மகன் வேலாயுதம் தகனத்துக்கு முன்னால் எடுத்த இந்த ஒரு படம்தான் இப்போது அந்த முகத்துக்கு மிச்சம்.

பெரியவரின் இடது கன்னத்தில், வாயோரம், மங்கலாக நான்கு புள்ளிகள். வலது கன்னத்தில் ஒன்று.

"சே! இதுவும் போடுதே."

டீச்சர் வேறொரு கேபிளை எடுத்துக் கொடுத்தார். கோதண்டம் மாற்றினார். நான்கு, ஒன்று. இன்னொன்றைக் கொடுத்தார். அதையும் மாற்றினார். நான்கு, ஒன்று.

"அப்போ என் டேப்லெட்டுலதான் கோளாறு."

டீச்சர் தன் மானிட்டருக்குக் கேபிளைத் திரும்ப மாட்டி, அதில் அதே படத்தைப் போட்டார். அதிலும் இருந்தன.

"அண்ணாச்சி, கேபிள் போடுற புள்ளி ஒரு எடத்துல நிக்குமா?"

நிற்காது என்று கோதண்டத்துக்குத் தெரியும். கேபிள் போடும் புள்ளி மினுக்கும், ஓடும், கண் சிமிட்டுவதற்குள் காணாமல் போகும். இவை ஓடவில்லை. நேற்றும் இதே இடத்தில்தான் நின்றன. பேனாவால் துடைத்தபோது போயின. மூலப்படத்தைத் திறந்தபோது திரும்ப இருந்தன. அதெல்லாம் தெரிந்தும் அவர் கேபிளைத்தான் திட்டினார், ஏனென்றால் கேபிளைத் திட்டுவது சுலபம்.

டீச்சர் டேப்லெட்டின் மேல் குனிந்தார். வலது கையை விரித்து, பெரியவரின் வாய்க்கு மேலே, திரையில் படாமல் பிடித்தார். நான்கு விரல்களும் நான்கு புள்ளிகளின் மேல் நின்றன. பெருவிரல் அந்த ஒற்றைப் புள்ளியின் மேல் நின்றது. மூக்கும் வாயும் உள்ளங்கைக்கு அடியில் மறைந்துபோயின.

எத்தனையோ பிணங்களின் முகத்தை நாள் கணக்கில் பார்த்துக்கொண்டே மத்தியானச் சோறு சாப்பிட்ட கோதண்டம், நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

டீச்சர் கையை எடுத்தார்.

"படம் கொடுக்கும்போது மகன் என்ன சொன்னாரு?"

"கறையெல்லாம் எடுத்திருங்க, அப்பா பளிச்சுன்னு இருக்கணும்னாரு. எல்லாரும் சொல்றதுதான டீச்சர்." கொஞ்சம் நிறுத்தி, மெல்லச் சேர்த்தார். "முடிஞ்சதும் ஒரிஜினலை அழிச்சிரச் சொன்னாரு. அவரு போன்ல இல்லயாம், அழிச்சிட்டாராம். பாக்கக் கஷ்டமா இருக்குன்னாரு."

"எதுல செத்தாருன்னு சொன்னாங்க?"

"மாரடைப்பு. தூக்கத்துல."

தெருவில் ஒரு வண்டி காய்கறி விலையைக் கூவிக்கொண்டு போனது.

"டீச்சர், இந்தத் தடிக் கேபிள் வந்ததுல இருந்தே திரையில புள்ளி வரும். எங்க புள்ளியப் பாத்தாலும் கேபிள்தான்னு தொடச்சிருவேன். எத்தனையோ மொகம் தொடச்சிருக்கேன். அதுல எது கேபிள் போட்டது, எது..."

இல்லை, அப்படி இருக்காது அண்ணாச்சி என்று டீச்சர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோதண்டம் அதற்காகத்தான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் கழற்றிப் போட்ட கேபிள்களை அவர் பைக்குள் அடுக்கினார்.

அப்போது கோதண்டத்தின் போன் அடித்தது. பெரியவரின் மகள் பூரணம். புனேயில் வாழ்க்கைப்பட்டவள். அவள் ரயிலில் வந்துகொண்டிருக்கும்போதே, உடல் வெயில் தாங்காது என்று பெரியவரை எரித்துவிட்டார்கள். முந்தின நாளும் கூப்பிட்டிருந்தாள். "அண்ணாச்சி, அண்ணன் என்ன சொன்னாலும் சரி, சிரிக்கவெல்லாம் வைக்காதீங்க. கடைசியா எப்படி இருந்தாங்களோ அப்படியே வரைஞ்சு குடுங்க. நான் மொகத்தையே பாக்கல" என்று சொல்லிவிட்டு அழுதாள். அழுகிற வாடிக்கையாளர்கள் அவருக்குப் புதிதல்ல என்பதால், சரிம்மா, சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டார்.

இப்போது போன் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"எடுங்க," என்றார் டீச்சர்.

"எடுத்து என்ன சொல்ல? நான் படம் போடுறவன். போலீஸா? சொன்னா அந்தக் குடும்பமே வெட்டிக்கிட்டுச் சாகும். அந்த வேலாயுதம் என்னைச் சும்மா விடுவானா?"

"விடமாட்டான்."

"எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு."

"தெரியும்."

போன் நின்றது. உடனே மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது. திரையில் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

"கேபிள் சரியில்ல, படம் தெளிவா வரல, அதனால மொகத்தை நானா வரைஞ்சிட்டேன்னு சொல்லிரட்டுமா டீச்சர்?"

"தாராளமா சொல்லுங்க அண்ணாச்சி. நம்பிருவா. அந்த மொகத்துக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவுல உங்கள விட்டா வேற என்ன கேபிள் இருக்கு?"