எண்ணெய் தேய்த்துக் குளித்த வேன்

புளியமுக்கு ஊர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. தேய்ந்துவிடும் என்று எடுத்துப் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்ப் பேச்சிமுத்துவுக்கு ஒருவழியாகக் கல்யாணம் கூடிவந்தது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். சனிக்கிழமை சாயங்காலம் பெண்ணின் ஊரான ஆலங்கரையில் மாப்பிள்ளை அழைப்பு. "விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்து சேரலேன்னா என் அக்கா மகனுக்கே கட்டி வச்சிருவேன்" என்று மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார். பாவம் பேச்சிமுத்து, அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அவன் கூட்டாளிகள் இசக்கியும் மாசானமும் தங்கள் பழைய வேனைக் கிளப்பினார்கள். அது முக்கி முனகிப் புகையைக் கக்கியது. மெக்கானிக் அந்தோணி வந்து பார்த்தார்.

"இஞ்சின்ல எண்ணெய் வத்திப்போச்சு. அதான் இந்தச் சூடு. வண்டியோட வயசப் பாத்து, அதுக்கு ஏத்த எண்ணெயா வாங்கி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

பேச்சிமுத்துவையும் கூட்டிக்கொண்டு மூவருமாக ஆயில் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் எடுத்து வைத்த டப்பாவில் 20-50 என்று போட்டிருந்தது.

"இருவது வயசுலேருந்து அம்பது வயசு வரைக்கும்" என்று இசக்கி படித்துச் சொன்னான். "நம்ம வண்டிக்கு என்ன வயசுலே?"

"எங்கப்பா கல்யாணத்துக்கே ஓடுன வண்டி. அம்பது தாண்டிருச்சு" என்றான் மாசானம்.

"நல்லவேள பாத்தோம். எளவட்டங்க குடிக்கிறத வயசானவங்களுக்குக் குடுத்தா வயித்தக் கலக்கிரும்."

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் மூவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

வயசான உடம்பில் சூடு ஏறினால் என்ன எண்ணெய்? நல்லெண்ணெய்தான். தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டியதுதான். ஆனால் மாசானத்துக்கு ஒரு சந்தேகம்.

"இன்னைக்குச் சனிக்கிழம. ஆம்பளைங்க எண்ணெய் தேய்க்கிற நாளு. வண்டி பொம்பளையா இருந்தா செவ்வாக்கிழம வரைக்கும்லா பொறுக்கணும்?"

பேச்சிமுத்து அழுதேவிட்டான். "செவ்வாக்கிழம வரைக்கும் பொறுத்தா எம் பொண்டாட்டி இன்னொருத்தன் வீட்டுல சோறாக்குவாளே!"

இசக்கி வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து தீர்ப்புச் சொன்னான். "பொகை விடுது. நெறையக் குடிக்குது. வீட்டுக்கு வராம ரோட்டுலயே கெடக்குது. ஆம்பளதாம்லே."

அப்புறமென்ன, பானட்டைத் திறந்து நல்லெண்ணெயை அழுத்தித் தேய்த்தார்கள். மிச்சத்தை உள்ளே ஊற்றினார்கள். ஊறட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்து, சீயக்காய் போட்டு, உள்ளும் புறமும் வெந்நீர் விட்டு அலசினார்கள். வேன் பளபளவென்று நின்றது. சாவியைத் திருகினால் சத்தமே இல்லை.

"தூங்குது" என்றான் மாசானம்.

"ஐயையோ, எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டுப் பகல்ல தூங்கக் கூடாதே! ஜன்னி கண்டுரும். தள்ளுங்கலே!" என்று இசக்கி அலறினான்.

பட்டு வேட்டியும் மாலையுமாகப் பேச்சிமுத்து உள்ளே ஏறிக்கொண்டான். ஊர் ஆட்களும் சேர்ந்து தள்ளினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வண்டி நகர்வேனா என்றது. பொழுது வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

"பாரம் ஜாஸ்தி. அதான் நேரமாவுது" என்றான் இசக்கி. ஸ்டெப்னியைக் கழற்றி இறக்கினார்கள். சீட்டுகளை இறக்கினார்கள். அப்படியும் கனத்தது. கடைசியில் உள்ளே இருந்த பாரம் அத்தனையையும் ஒரு புளியமரத்தடியில் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுத் தள்ளினார்கள். வேன் பூப்போல உருண்டது.

விளக்கு வைக்கும் முன்பே ஆலங்கரை வந்துவிட்டது. மேளம் முழங்க, ஆரத்தித் தட்டோடு பெண் வீட்டார் ஓடி வந்தார்கள். மாமனார் முகமெல்லாம் சிரிப்பாக வேன் கதவைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். கீழே குனிந்தும் பார்த்தார்.

"மாப்பிள்ளைய எங்கவே?"

மாசானம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னான்: "நல்லாக் கேட்டிய மாமா! அவன எறக்கி விட்டதுனாலதான், மாப்பிள்ளை அழைப்புக்குச் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கோம்."