அண்ணாச்சியின் மணிவிழா டிவிடி

கோவில்பட்டியிலே சவுந்தரபாண்டி அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் சாமான் கடையில் அவர் வைத்ததுதான் சட்டம். பெட்டியைப் பிரித்துக் காட்டமாட்டார், விற்றதைத் திரும்ப வாங்கவும் மாட்டார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற பேச்சித்தாய் அங்கேதான் போய் நின்றாள். மகள் மாநிலக் கபடியில் ஜெயித்த வீடியோவை வீட்டிலேயே டிஸ்க்கில் எழுதிப் பதிந்து வைக்க ஒரு டிவிடி ரைட்டரும், அதற்கு ஒத்துப்போகிற டிஸ்க்கும் வேண்டும்.

அண்ணாச்சி தூசி படிந்த ஒரு ரைட்டரையும் ஒரு கட்டு டிஸ்க்கையும் தள்ளினார். "ரெண்டும் ஜோடிப் பொருத்தம். எழுதினா நூறு வருஷம் நிக்கும்."

"எழுதிக் காட்டுங்க அண்ணாச்சி."

"பிரிக்காமலே நல்லதா எடுக்கத் தெரிஞ்சா எடு. இல்லேன்னா நடையைக் கட்டு."

கடைக் கம்ப்யூட்டரிலிருந்து டிவியில் அவருடைய மணிவிழா வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பேச்சித்தாய் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி அண்ணாச்சி. உங்க மணிவிழாவை இந்த ரைட்டர்ல, இந்த டிஸ்க்ல எழுதிட்டு, கம்ப்யூட்டர்ல இருக்கிறதை அழிச்சிருங்க. மறுபேச்சு இல்லாம வாங்கிட்டுப் போறேன்."

கல்லாவில் இருந்த அவர் மனைவி பதறி எழுந்தாள். "ஏங்க, அதுல எழுதிராதீங்க. நம்ம வீட்டுக்குன்னு உள்ள வச்சிருக்கீங்கல்ல, அதை எடுங்க."

கடையே திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி இருமிக்கொண்டே உள்ளே போய் வேறு ரைட்டரும் வேறு டிஸ்க்கும் கொண்டு வந்தார். "இதைப் பிரிச்சே காட்டுதேன்" என்றார், குரலைத் தணித்து.

"எதுக்கு அண்ணாச்சி? அதான் பிரிக்காமலே தெரிஞ்சு போச்சே."

காசைக் கொடுத்துவிட்டு, உள்ளிருந்து வந்த பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கப்பு வாங்கிய மகளைவிட நிமிர்ந்து நடந்தாள் பேச்சித்தாய்.