பூசணிப்பாளையத்தார் வலையை முடித்து வைத்த விதம்

பூசணிப்பாளையத்தில் நான்கு பேர் சேர்ந்து ஊர் முழுவதற்கும் இலவசமாக இணைய வலை போட்டார்கள் என்றால் பக்கத்து ஊரில் யாரும் நம்புவதில்லை. வலை போட முடியும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. இந்த நான்கு பேரால் முடியும் என்பதில்தான் சந்தேகம். தலைவர் செங்கோடன். கூரை ஏறி வலைப் பெட்டி மாட்டுகிறவன் நாச்சிமுத்து. எதை எடுத்தாலும் "முறை என்ன?" என்று கேட்கிறவன் திருமலைச்சாமி. கணினியில் நிரல் எழுதுகிறவன் பொங்கியண்ணன். மழை வந்தால் குடையை எங்கே வைத்தோம் என்று வெளியே நின்று தேடுகிற ஆட்கள்.

அப்படியும் வலை ஓடியதற்குக் காரணம் உண்டு. நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்து வைத்திருந்தார்கள். பொங்கியண்ணன் எழுதியதைப் பார்த்த ஊர் பேர் தெரியாத நல்லவர்கள் தலையில் அடித்துக்கொண்டு திருத்திக் கொடுத்தார்கள். திருத்தித் திருத்திக் கடைசியில் அவன் எழுதியதாக மிஞ்சியது மேலே போட்ட பிள்ளையார் சுழி மட்டும்தான்.

ஊரின் கடைசி வீட்டுக்கும் வலை எட்டிவிட்டால் திட்டம் முடிந்தது என்று ஆரம்பத்திலேயே குறிக்கோள் எழுதியிருந்தார்கள். ஆனி மாதம் ஒருநாள் அந்தக் கடைசி வீட்டிலும் பெட்டி மினுக்கியது. நாச்சிமுத்து ஏணியை விட்டு இறங்கி, இனி என்ன செய்வது என்று கேட்டான். ஆரம்பிக்கத் தெரிந்த நான்கு பேருக்கும் முடிக்கத் தெரியவில்லை.

எல்லாரையும்விடப் பொங்கியண்ணனுக்குத்தான் அவசரம். அவனுக்கும் கனகமணிக்கும் நிச்சயம் நடந்தபோது, தட்டு மாற்றுகிற நேரம் பார்த்து யார் வீட்டிலோ பெட்டி கழன்று விழுந்துவிட்டது என்று தகவல் வந்தது. மாப்பிள்ளை தட்டோடு வண்டி ஏறிப் போய்விட்டான். பெண்ணின் அப்பா குப்பணன் அன்றைக்கே கண்டித்துச் சொல்லிவிட்டார்.

"அந்த வலைச் சோலிய முடிச்சுப்போட்டு வா தம்பி. ஆடி பொறக்கறதுக்குள்ள முடியலீன்னா எம்பொண்ணுக்கு வேற பக்கம் பாத்துருவேன்."

கனகமணிக்கு இவனிடம் என்ன பிடித்தது என்று ஊருக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் பிடித்திருந்தது. அவனோ அவள் பெயரைக் கேட்டாலே சாப்பிடுகிற கையை அப்படியே நிறுத்திவிடுவான். ஆடிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவனுக்குத் தூக்கம் போய்விட்டது.

சேலத்தில் உமையாள் என்று ஓர் அம்மாள் இருந்தார். நிரலில் பாதியைத் திருத்திக் கொடுத்த புண்ணியவதி அவர்தான். ஒரு திட்டத்தை எப்படி முடிப்பது என்று அவரிடமே கேட்டார்கள். அவர் பதில் போட்டார்: நிரலை எல்லாரும் பார்க்கிற, ஆனால் யாரும் கை வைக்க முடியாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். உதவியவர்களுக்கு முறைப்படி நன்றி செலுத்துங்கள். பிறகு வலையிலேயே எல்லாருக்கும் அறிவித்துவிட்டு ஓய்வெடுங்கள்.

எல்லாரும் பார்க்கிற, யாரும் கை வைக்க முடியாத இடம் ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது பேக்கரியின் கண்ணாடிப் பெட்டி. நிரல் முழுவதையும் காகிதத்தில் அடித்து, தேங்காய் பன்னுக்கும் வர்க்கிக்கும் நடுவே அடுக்கினார்கள். கிலோ என்ன விலை என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள் என்பதுதான் பேக்கரிக்காரருக்கு இருந்த ஒரே வருத்தம்.

அடுத்தது நன்றி. முறைப்படி என்றால் எந்த முறைப்படி என்று திருமலைச்சாமி கேட்டான். ஊரில் விசேஷம் முடிந்தால் இரவல் வாங்கிய அண்டாவையும் ஜமுக்காளத்தையும் திருப்பிக் கொடுப்பதுதான் முறை என்று செங்கோடன் விளக்கினார்.

"அப்ப ஊரார் எழுதிக் குடுத்த வரியெல்லாம் இரவல்தானுங்க? முடிச்சதுக்கப்பறமும் வெச்சிருந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றான் திருமலைச்சாமி.

"எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டான் நாச்சிமுத்து.

"அண்டாவுல பேர் வெட்டியிருக்கறாப்பல ஒவ்வொரு வரிக்கும் பேர் இருக்குது," என்றான் பொங்கியண்ணன். அதைச் சொல்லும்போது அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

உட்கார்ந்து ஒவ்வொருவர் எழுதியதையும் உருவி எடுத்து அவரவருக்கே அனுப்பினான். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது, கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றார் செங்கோடன். அதனால் ஒவ்வொன்றின் அடியிலும் 'சர்க்கரை' என்று ஒரு வரி சேர்த்தான். வேலை முடிந்தபோது நிரலில் பிள்ளையார் சுழி மட்டும் இருந்தது. ஊரில் இருந்த பெட்டிகள் எல்லாம் அணைந்து போயின.

திட்டம் முடிந்தது என்று வலையில் அறிவிப்பை அனுப்பிவிட்டு நால்வரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அறிவிப்பும் போகவில்லை, பதிலும் வரவில்லை. ஊர் துக்கத்தில் இருக்கிறது, வாய் திறக்க முடியவில்லை என்று செங்கோடன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாச்சிமுத்து கூரை ஏறிப் பார்த்துவிட்டு வந்து, வலையே இல்லை என்றான்.

"அறிவிப்புப் போய்ச் சேராம திட்டம் முடிஞ்சதா ஆகாதுங்க," என்றான் திருமலைச்சாமி.

"அப்ப வலை முடிஞ்சுதுன்னு சொல்றதுக்கு ஒரு வலை போடோணும்," என்றார் செங்கோடன். "அதுக்கும் கடைசி வீடு வரைக்கும் போகோணும். ஒருத்தர விட்டாலும் தப்பு."

முதல் வலை கடைசி வீட்டை எட்ட ஆறு வருஷம் ஆகியிருந்தது. பொங்கியண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான். ஆறு ஆடி போவதற்குள் கனகமணிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்திருக்கும், அவர்கள் வீட்டுக்கும் தானே போய்ப் பெட்டி மாட்டவேண்டி வரும் என்று அவனுக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில் குப்பணன் கைபேசியை ஆட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். "எங்கூட்டுல வலை சுத்தமாப் போச்சு. என்னப்பா, முடிச்சுப்புட்டீங்களா?"

மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் பொங்கியண்ணன் எழுந்து, "முடிஞ்சுதுங்க மாமா," என்றான். அவன் ஆயுசில் பேசிய ஒரே புத்திசாலித்தனமான பேச்சு அது.

அறிவிப்பு இன்னும் போய்ச் சேரவில்லையே என்று திருமலைச்சாமி இழுத்தான். தனக்குத் தெரிந்துவிட்டது, அது போதும் என்று குப்பணன் முகூர்த்தம் பார்க்கப் போய்விட்டார்.

சேலத்தில் உமையாள், தான் எழுதிய வரிகள் சர்க்கரையோடு திரும்பி வந்ததைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். பிறகு திருத்திய மற்ற எல்லாரிடமும் அவரவர் வரிகளைக் கேட்டு வாங்கி, சர்க்கரையை நீக்கி, ஒன்றாகச் சேர்த்து அங்கிருந்தபடியே வலையை மறுபடி ஓட வைத்தார். ஊர் சந்தோஷப்பட்டது. நால்வர் மட்டும் கவனிக்கவில்லை, பந்தல் வேலையில் மும்முரமாக இருந்தார்கள்.

ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் பொங்கியண்ணன் கனகமணி கழுத்தில் தாலி கட்டினான். முகம் மலர்ந்திருந்தது. பந்தி முடிந்ததும் செங்கோடன் அவனைத் தனியே அழைத்தார்.

"கல்யாணத்தோட குறிக்கோள் என்ன?"

"தாலி கட்டறதுங்க."

"எட்டியாச்சா?"

பொங்கியண்ணன் யோசித்தான். எட்டியாகிவிட்டது. மறுக்க வழியில்லை. அவன் முகம் சுருங்கிப் போயிற்று. ஆனாலும் முறை முறைதான். அவன் கனகமணியின் கையில் ஒரு பொட்டலம் சர்க்கரையைக் கொடுத்து, தோழர்கள் பின்னால் வர, அவளைக் குப்பணன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"நெனச்சது நல்லபடியா முடிஞ்சுதுங்க மாமா. பொண்ணு குடுத்ததுக்கு ரொம்ப நன்றிங்க."

குப்பணன் செருப்பைத் தேடினார். கனகமணிதான் அப்பாவைத் தடுத்துவிட்டு நால்வர் பக்கமும் திரும்பினாள். அவளுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியிருந்தது.

"குறிக்கோளத் தப்பா வெச்சுட்டீங்க. சாகற வரைக்கும் ஒண்ணாக் குடித்தனம் பண்றதுதான் குறிக்கோளு. வேணும்னா இங்கயே ஓட்டுப் போட்டுக்குங்க."

வாசலிலேயே நால்வர் கூட்டம் கூடியது. மூன்று பேர் ஆதரித்துக் கை தூக்கினார்கள். எதிர்த்துக் கை தூக்கியவன் பொங்கியண்ணன் ஒருவன்தான். அவளைப் பிரிய அவனுக்கு மனசே இல்லை. ஒரு வலையை முடிக்கவே நான்கு ஆள் வேண்டியிருந்தது, இவ்வளவு நீளமான வேலையை இரண்டே பேர் எப்படித் தாங்குவது என்பதுதான் அவன் கவலை.

செங்கோடனுக்கு அது நியாயமாகப் பட்டது. அன்று சாயங்காலமே புது மாப்பிள்ளை வீட்டுக்கு மூன்று பேரும் பாய் தலையணையோடு குடிவந்துவிட்டார்கள். நாச்சிமுத்து ஏணியையும் கொண்டு வந்திருந்தான்.