கேட்டால் போதும்

"எனக்குப் பாட்டு வராதுங்கம்மா. ஆனாப் பாட்டுப் பள்ளிக்கூடம் வெச்சிருக்கறனுங்க" என்றார் தணிகாசலம்.

சௌந்தரவல்லி சிரிக்கவில்லை. அவருக்கு எதிரே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த சிஷ்யை மீனலோசனிதான் அடக்க முடியாமல் சிரித்து வரியைத் தவறவிட்டாள்.

"மறுபடி" என்றார் சௌந்தரவல்லி. அது மீனலோசனிக்கு.

"சொல்லுங்க." இது தணிகாசலத்துக்கு.

தணிகாசலம் பழத்தட்டை முன்னால் நகர்த்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஈரோட்டில் போர்வெல் லாரி வைத்துத் தொழில் செய்தவர் அவர். பாறையைத் துளைக்கிற சத்தத்திலேயே பாதி ஆயுள் போயிற்று. இனியாவது காதுக்கு நல்லது கிடைக்கட்டும் என்று லாரிகளை விற்றுவிட்டு, ஊருக்கு ஊர் கிளை திறக்கிற ஓர் இசைப் பள்ளியின் ஈரோட்டுக் கிளையை எடுத்தார். "உங்களுக்குச் சங்கீதம் தெரிய வேண்டியதில்ல சார், நிர்வாகம் தெரிஞ்சாப் போதும்" என்று தலைமை அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். மனிதர் நம்பிவிட்டார்.

சௌந்தரவல்லி பவானியில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர். தணிகாசலத்தைவிட வயதில் நன்றாகவே சின்னவர். ஆனால் அந்தப் பக்கத்தில் பாட்டு என்று கேட்டால் எல்லாரும் இவர் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள்.

"என்ன ஆச்சு?"

"எங்க கிளையில கயல்னு ஒரு பாப்பா. அவங்கம்மா எல்லார் முன்னாலயும் என்னைக் கூப்பிட்டு, 'நீங்கதானே முதலாளி, எம் பொண்ணு எப்படிப் பாடுறா, கேட்டுச் சொல்லுங்க'ன்னாங்க. கதவுகிட்ட நின்னு கேட்டேன். பிரமாதம்னு சொல்லிப்போட்டனுங்க."

"அப்புறம்?"

"பாப்பா இன்னும் வாயவே தொறக்கலீங்க. சுருதிப் பெட்டிதான் பாடிட்டிருந்துச்சு."

மீனலோசனி இந்த முறை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எல்லாரும் சிரிச்சாங்க. அது போகட்டும். அந்தப் பாப்பா மட்டும் அழுதுச்சுங்கம்மா. அன்னிலேருந்து மூணு மாசமா யார் முன்னாலயும் வாயத் தொறக்க மாட்டேங்குதாம். இந்த மாசத்தோட நிறுத்திக்கறோம்னு அவங்கம்மா சொல்லிட்டாங்க. சங்கீதம் தெரிஞ்சவன் அந்த நாற்காலியில உக்காந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா? எனக்குக் கத்துக்குடுங்க. இல்லாட்டி மாசக் கடைசியில பள்ளிக்கூடச் சாவியத் தலைமை ஆபீசுக்கே திருப்பிக் குடுத்துடறேன்."



"மறுபடி" என்றார் சௌந்தரவல்லி. மீனலோசனி பாடினாள்.

"இல்லை. மறுபடி."

அதே வரி. முன்னைவிடக் குரல் சிறுத்திருந்தது.

சௌந்தரவல்லி தணிகாசலத்திடம் திரும்பினார். "கேள்வி ஞானமாவது உண்டா?"

"அப்படின்னா என்னங்கம்மா?"

"கேட்டுக் கேட்டே வர்ற ஞானம். முறையாப் படிக்காதவங்களுக்கு அதுதான் வழி."

"அதுவும் இல்லீங்க."

"அப்ப அதுல ஆரம்பிங்க. தினமும் வகுப்புல போய் உக்காருங்க. கேளுங்க. சலிக்காமக் கேளுங்க."

"கேட்டாப் போதுங்களா?"

"போதும்."

தணிகாசலம் எழுந்து கும்பிட்டார். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். இவ்வளவு சுலபமா என்ற சந்தேகம் வாசல்வரை இருந்தது; பேருந்து ஏறியதும் போய்விட்டது.

மாதக் கடைசியில் மறுபடி வந்தார். முகம் பளிச்சென்றிருந்தது. பழத்தட்டு போன முறையைவிடப் பெரிது.

மீனலோசனி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பாவம், அதே வரியில்தான் இருந்தாள்.

"கேட்டீங்களா?" என்றார் சௌந்தரவல்லி.

"கேட்டனுங்கம்மா. ஒருத்தரையும் விடல."

"ஒருத்தரையுமா?"

"முதல்ல வாத்தியாரம்மாவக் கேட்கலாம்னு பார்த்தேன். அவங்களுக்கு நேரமில்ல. அதனால கயல் பாப்பாகிட்டயே போய் உக்காந்தேன். 'பாப்பா, அன்னிக்கு நீ பாடலியா, பெட்டி பாடுச்சா? எனக்கு வித்தியாசமே தெரியல, எப்படிக் கண்டுபிடிக்கறது?'ன்னு கேட்டேன்."

சௌந்தரவல்லியின் புருவம் ஏறியது. தணிகாசலம் அதைக் கவனிக்கவில்லை.

"ரொம்ப நேரம் என்னையே பார்த்துச்சு. அப்பறம், 'பெட்டி மூச்சு விடாது அங்கிள்'னுச்சு."

"அப்படியா சொன்னா?"

"ஆமாங்க. எனக்கு அதுவும் வெளங்கல. இன்னொரு தடவ சொல்லு சாமின்னேன். 'பெட்டி ச-வையும் ப-வையும் புடிச்சுட்டு ஒரே இடத்துல நிக்கும். நாந்தான் நடுவுல இருக்கற எல்லா எடத்துக்கும் போயிட்டு வரணும்'னுச்சு. எங்க, போய்க் காட்டுன்னேன். போச்சுங்கம்மா! ச-வுல கெளம்பி மேல போயி, பத்திரமாக் கீழ எறங்குச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. திரும்ப ஒருக்கா போயிட்டு வான்னேன். போயிட்டு வந்துச்சு. 'உங்களுக்கு எத்தன தடவ சொல்றது?'ன்னு என்னைத் திட்டக்கூடச் செஞ்சுச்சு."

திட்டு வாங்கியதைச் சொல்லும்போது அவருக்கு அப்படி ஒரு பெருமை.

"அவங்கம்மா?"

"வாசல்ல செருப்புக் கழட்டிட்டு இருந்தவங்க, ஒத்தக் கால்லயே நின்னுட்டாங்க. நிறுத்தற பேச்சே இல்லீங்க. இப்ப மத்த பசங்களும் விட மாட்டேங்கறாங்க. என்னைக் கண்டாலே 'அங்கிள், இன்னிக்கு எங்ககிட்டக் கேளுங்க'ன்னு கையப் புடிச்சு இழுக்கறாங்க. மிருதங்கப் பையன் தினமும் எனக்குத் தாளம் சொல்லிக் குடுக்கறான். நான் தப்பாப் போட்டா அவனுக்குத்தான் கோபம் வருது. பாறைக்குள்ள தண்ணி பீச்சி அடிக்கறப்ப லாரிக்காரனுக்கு ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அது தினமும் வருதுங்கம்மா."

சௌந்தரவல்லி அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"சார்."

"சொல்லுங்கம்மா."

"நான் உங்களைக் காதால கேக்கச் சொன்னேன். உக்காந்து பாட்டைக் கேக்கச் சொன்னேன்."

தணிகாசலத்துக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் காது மடல்வரை சிவந்துபோனார்.

"ஐயோ. நான் வாயாலயில்ல கேட்டுட்டு வந்திருக்கறேன்."

"ஆமா."

"ஒரு மாசம் பூராவுந் தப்பாவே பண்ணிட்டனுங்களா?"

தணிகாசலம் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"பாட்டுல எனக்கு இன்னும் ஒரு எழுத்துந் தெரியாதுங்கம்மா. அதுதான் நெசம். அப்பச் சாவியக் குடுத்துடட்டுங்களா?"

சாவியை எடுத்துப் போன முறை வைத்த அதே இடத்தில் வைத்தார்.

சௌந்தரவல்லி சாவியைப் பார்த்தார். மீனலோசனியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "மறுபடி" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

சௌந்தரவல்லி எழுந்தார். இருபது வருஷமாகத் தான் உட்காரும் பாயை விட்டு இறங்கி, தணிகாசலத்துக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் வந்து உட்கார்ந்தார். உட்காரும்போதே சாவியை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"மீனா."

"அம்மா?"

"அந்த வரி எப்படிப் போகுது? எனக்குச் சொல்லிக் குடு."

மீனலோசனி நிமிர்ந்தாள். கேலியா, கோபமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்னம்மா இது?"

"ஒண்ணுமில்லடி. கேக்கறேன்."