இருட்டில் கேட்ட குரல்

ஊர்த் திரைப்படச் சங்கத்தில் விமர்சகர் ஆராவமுதன் வைத்ததுதான் சட்டம். உலகின் தலைசிறந்த படம் இதுதான் என்று அவர் ஒன்றை அறிவித்தபோது, படம் ஓட்டும் பிலோமினா, "எனக்கு நம்ம பழைய பேய்ப்படம்தான் சார் உசத்தி" என்று சொல்லிவிட்டாள்.

"அந்தக் குப்பையா? இன்னைக்கே நிரூபி. இல்லேன்னா இனிமே மெஷினைத் தொடாதே!"

அசருகிறவளா பிலோமினா? முதலில் அவர் படத்தைப் போட்டுப் பாதியில் நிறுத்தினாள். கரண்ட் போய்விட்டதென்று கூட்டம் டீ குடிக்கக் கிளம்பியது.

அடுத்துப் பேய்ப்படம். அதையும் பாதியில் நிறுத்தினாள். ஒருவரும் வெளியே போகவில்லை. விட்ட இடத்திலிருந்து இருட்டிலேயே வசனத்தை ஆளாளுக்குச் சொன்னார்கள். பெண்பேயின் வசனத்தை மட்டும் ஒரே குரல், அலறல் உட்பட, பிசகாமல் சொன்னது.

பிலோமினா விளக்கைப் போட்டாள். தலைமுடியைக் கலைத்துக்கொண்டு நாற்காலிமேல் நின்றிருந்தார் ஆராவமுதன்.

"இறங்குங்க சார், பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது. மீதிப் படத்தை ஓட்டணும்."